ஆறடிக் குளம், வடிகட்டி இல்லை: எந்த மீன் தாங்கும்?

கொல்லைப்புறம் | மார்ச் 2, காலை 7.40

வணக்கம். தாம்பரத்துக்குத் தெற்கே எங்கள் வீடு. பின்பக்கம் துவைக்கும் கல் கிடந்த இடத்தில் ஒரு சிமென்ட் குளம் கட்டி முடித்திருக்கிறேன். நீளம் ஆறடி, அகலம் நான்கடி, ஆழம் இரண்டடி. பதினொரு மணி வரை வெயில் விழும், அதன் பிறகு வேப்பமரத்து நிழல். ஆழ்துளைக் கிணற்று நீர்தான். மோட்டார், வடிகட்டி எதுவும் வைக்கப்போவதில்லை. மின்கட்டணம் ஏற்கெனவே போதும் போதும் என்கிறது.

மகள் கோய் மீன் (வண்ணக் கெண்டை) கேட்கிறாள். கொசு வரும் என்று அம்மா இப்போதே மண்ணைக் கொட்டி மூடச் சொல்கிறார். பார்க்க அழகாக இருக்க வேண்டும், நான்கு நாள் ஊருக்குப் போய்த் திரும்பினாலும் உயிரோடு இருக்க வேண்டும். பத்து கோய் வாங்கி, கூடவே கொஞ்சம் தங்கமீனும் விடலாமா?

கொளத்தூர்த் தொட்டி | மார்ச் 2, காலை 9.15

பத்து கோயா! குளத்தைவிட மீன் பெரிதாகிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு, நான்கு, இரண்டு பெருக்கினால் 48 கன அடி. விளிம்பிலிருந்து மூன்று அங்குலம் குறைத்து நிரப்பினால் கிட்டத்தட்ட 1,200 லிட்டர். கடையில் நீங்கள் பார்க்கும் கோய் விரல் நீளம்தான். அதே மீன் நன்றாக வளர்ந்தால் இரண்டடி வரும். அது கெண்டை இனம், நாள் முழுக்கத் தின்று நாள் முழுக்கக் கழிக்கும். ஒரு கோய்க்கு ஆயிரம் லிட்டர், நான்கடி ஆழம், நல்ல வடிகட்டி என்று வைத்துக்கொள்வது வழக்கம். உங்கள் குளத்தில் ஒன்றே ஒன்று இருக்கலாம், அதுவும் வடிகட்டியோடு. அல்லி வைத்தால் வேரைத் தோண்டிப்போடும்.

கொளத்தூரில் பதினான்கு வருடம் மீன் பண்ணையில் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், விற்பவர் இதையெல்லாம் சொல்லமாட்டார்.

கொல்லைப்புறம் | மார்ச் 2, இரவு 8.05

அண்ணா, சொல்ல வெட்கமாக இருக்கிறது. நேற்றே நான்கு குட்டிக் கோய் வாங்கி விட்டுவிட்டேன். காலையில் இரண்டு மிதந்தன. இப்போது மூன்றாவது ஒரு மூலையில் சாய்ந்து கிடக்கிறது. கடையில் கேட்டேன், தண்ணீரை மாற்றுங்கள் என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

வேதியியல் வாத்தியார் | மார்ச் 2, இரவு 9.30

குளம் பூசி எத்தனை நாள் ஆயிற்று?

கொல்லைப்புறம் | மார்ச் 2, இரவு 9.34

பன்னிரண்டு நாள் சார்.

வேதியியல் வாத்தியார் | மார்ச் 2, இரவு 10.20

அப்படியானால் கடையைத் திட்டிப் பயனில்லை. கொன்றது சுண்ணாம்பு.

புது சிமென்ட் நீரில் ஊறும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு கசிந்துகொண்டே இருக்கும். அதன் நிறைகரைசலின் பிஎச் அளவு (நீர் அமிலமா காரமா என்று காட்டும் எண், 7 நடுநிலை) 12-க்கு மேல். உங்கள் குளத்தில் அவ்வளவு இருக்காது, ஆனால் 10 இருந்தாலே செவுள் வெந்துபோகும். தெளிந்த தண்ணீர்தானே என்று நாம் நினைப்போம். சுண்ணாம்புத் தெளிநீரும் பார்வைக்குக் குடிநீர் போலத்தான் இருக்கும், பள்ளியில் ஊதிப் பால்நிறமாக்கியது நினைவிருக்கிறதா?

மிச்சமிருக்கும் மீனை இப்போதே ஒரு பிளாஸ்டிக் டப்பில், குளத்து நீர் இல்லாமல், முன்பே பிடித்து வைத்த தண்ணீரில் மாற்றுங்கள். குளத்தை முழுக்க நிரப்பி ஐந்தாறு நாள் வைத்து வடியுங்கள். இதை நான்கு முறை செய்யுங்கள். நடுவில் ஒரு தடவை வாழைத்தண்டைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டு ஒரு வாரம் ஊறவிட்டால் வேலை வேகமாகும். அது அழுகும்போது உண்டாகும் அமிலமும் கரியமில வாயுவும் சுண்ணாம்போடு சேர்ந்துவிடும். நாற்றம் அடிக்கும், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைசியில் தேய்த்துக் கழுவி, நிரப்பி, மூன்று நாள் கழித்துப் பரிசோதியுங்கள். பிஎச் 8.5-க்குக் கீழே வந்து அங்கேயே நின்றால்தான் மீனைப் பற்றிப் பேச்சு.

கொளத்தூர்த் தொட்டி | மார்ச் 3, காலை 6.50

வாத்தியார் சொன்னது அப்படியே சரி. பண்ணைகளிலும் புதுத் தொட்டிக்கு வாழைத்தண்டுதான். ஒரு மாதம் போனால் போகட்டும் தம்பி, வெயில் காலத்தில் அவசரப்பட்டு மீன் விடாதீர்கள்.

மலைத்தோட்டம் | மார்ச் 4, மாலை 4.10

நான் கோத்தகிரி. இங்கே எட்டடிக் குளத்தில் ஒன்பது வருடமாகத் தங்கமீன் இருக்கிறது. கோய் பற்றிக் கொளத்தூர் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கோய் பிறந்த ஊர் ஜப்பானின் நீகாட்டா மலைப்பகுதி. பனி மூடும் ஊர். வயல்காரர்கள் சாப்பாட்டுக்காக வளர்த்த கெண்டையில் எப்போதோ நிறம் தோன்றியது, அதைப் பிரித்துப் பெருக்கினார்கள். 1914-இல் தோக்கியோவில் நடந்த கண்காட்சிக்குப் பிறகுதான் அது வெளியுலகுக்கே தெரிந்தது. குளிர்ந்த, ஆழமான தண்ணீர் அதற்குப் பழக்கம். சென்னையிலும் வளர்க்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அங்கே குளத்துக்குப் பக்கத்தில் ஒரு அறையையே வடிகட்டிக்குக் கொடுத்திருப்பார்கள்.

தங்கமீன் நல்ல தேர்வுதான். ஆனால் எந்தத் தங்கமீன் என்று பாருங்கள். கடையில் குண்டு வயிறும் தலையில் முண்டும் வைத்த ஒராண்டா, ரான்சு எல்லாம் தொட்டிக்குள் சீராட்டி வளர்க்க வேண்டியவை. நீந்தவே திணறும், காக்கைக்குக்கூட அகப்படும். குளத்துக்கு நீள உடல் கொண்ட காமெட், சுபுங்கின் வகைகள்தான்.

கொளத்தூர்த் தொட்டி | மார்ச் 4, மாலை 6.00

அக்கா, கோத்தகிரிக்குச் சரி. தாம்பரத்தில் மே மாதம் தங்கமீன் வேண்டவே வேண்டாம்.

மடையான் | மார்ச் 4, இரவு 7.25

ஏன் வேண்டாம்? வேளச்சேரியில் எங்கள் வீட்டுக் கிணற்றடித் தொட்டியில் காமெட் ஆறு வருடம் இருந்தது. முழு நிழல், அவ்வளவுதான்.

கொளத்தூர்த் தொட்டி | மார்ச் 4, இரவு 8.40

எத்தனை விட்டீர்கள், எத்தனை ஆறு வருடம் இருந்தது?

மடையான் | மார்ச் 4, இரவு 8.44

எட்டு விட்டேன். ஆறு வருடம் இருந்தவை இரண்டு.

கொளத்தூர்த் தொட்டி | மார்ச் 4, இரவு 8.46

அதைத்தான் சொல்கிறேன்.

வேதியியல் வாத்தியார் | மார்ச் 5, காலை 5.55

இருவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. தங்கமீனைச் சூடு மட்டும் கொல்வதில்லை, சூட்டோடு வரும் மூச்சுத்திணறல் கொல்கிறது. 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை கரையும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். அதே நேரத்தில் மீனின் உடலோ சூட்டில் வேகமாக இயங்கி அதிக ஆக்சிஜன் கேட்கும். வரவு குறைந்து செலவு கூடிய குடும்பம்தான்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பகலில் பாசியும் செடியும் ஆக்சிஜனைக் கொடுக்கும், இரவில் அவையும் மீனைப் போல எடுத்துக்கொள்ளும். அதனால் விடியற்காலை நான்கு, ஐந்து மணிதான் கண்டம். மீன் இரவு நன்றாக இருந்தது, காலையில் செத்துக்கிடக்கிறது என்று பலர் எழுதுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். அந்த நேரத்தில் எழுந்து டார்ச் அடித்துப் பாருங்கள். எல்லா மீனும் மேலே வந்து வாயைப் பிளந்தால் எண்ணிக்கை அதிகம் என்று அர்த்தம்.

கொல்லைப்புறம் | மார்ச் 5, காலை 8.10

சரி, கோய் இல்லை, தங்கமீனும் இல்லை. மகளுக்கு என்ன பதில் சொல்வது? சிவப்பாக ஏதாவது இருக்கிறதா? (நான்காவது கோய் டப்பில் பிழைத்துக்கொண்டது. பெரிய குளம் வைத்திருக்கும் ஒரு நண்பருக்குக் கொடுத்துவிட்டேன்.)

கொளத்தூர்த் தொட்டி | மார்ச் 5, காலை 11.30

இருக்கிறது தம்பி. அதற்கு முன் ஒரு விஷயம். கண்ணாடித் தொட்டியில் மீனைப் பக்கவாட்டில் பார்க்கிறோம். குளத்தில் முதுகைத்தான் பார்ப்போம். கடையில் கப்பியின் வால் மயில்தோகை மாதிரி இருக்கும், குளத்தில் மேலிருந்து பார்த்தால் கறுப்புக் குச்சி. வாங்கும்போதே ஒரு வெள்ளை வாளியில் விடச் சொல்லி மேலிருந்து பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

அந்தக் கண்ணோடு பார்த்தால் முதல் இடம் சிவப்பு பிளாட்டிக்கு. மெக்சிகோ பக்கத்து மீன், இரண்டு அங்குலம், முதுகு முழுக்கச் செக்கச்செவேல் என்று இருக்கும். அடுத்தது மோலி. உங்கள் ஆழ்துளை நீர் கடினமாகத்தான் இருக்கும். மோலிக்கு அது விருந்து, உப்புக்கரித்தாலும் கவலைப்படாது. வெள்ளையும் தங்க நிறமும் எடுங்கள், கறுப்பு மோலி குளத்தில் கண்ணுக்கே தெரியாது. வாள்வாலும் விடலாம், ஆனால் துள்ளும். விளிம்பு மூன்று அங்குலம் மேலே இருக்கட்டும் என்று சொன்னது அதற்கும் சேர்த்துத்தான். இவை மூன்றும் கொளத்தூரில் திறந்தவெளிச் சிமென்ட் தொட்டியில், நம் வெயிலிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகியவை. வேறு நாட்டிலிருந்து பொட்டலத்தில் வந்த மீனைவிட இவை தாங்கும்.

ஒரு ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கில் வாங்குங்கள். இல்லாவிட்டால் ஆண்கள் துரத்தித் துரத்தியே பெண் மீனைச் சாகடித்துவிடும். மொத்தம் பன்னிரண்டு போதும். மீதியை அவையே பார்த்துக்கொள்ளும், நான்கைந்து வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும்.

மலைத்தோட்டம் | மார்ச் 5, மதியம் 1.15

மேலிருந்து பார்ப்பதற்கென்றே ஜப்பானியர்கள் மேடகா என்று ஒரு சிறு மீனை வளர்க்கிறார்கள். ஒன்றரை அங்குலம்தான். முதுகில் வெள்ளித்தகடு ஒட்டியதுபோல மின்னும் வகை உண்டு. வயல் மீன், அதனால் குளிரையும் தாங்கும், சூட்டையும் தாங்கும். இப்போது நம் ஊரிலும் கிடைக்கிறது. விலைதான் கொஞ்சம் கூடுதல்.

வயல்வரப்பு | மார்ச் 6, காலை 6.20

எல்லாரும் மெக்சிகோ, ஜப்பான் என்று சுற்றிவிட்டீர்கள். நான் மன்னார்குடிப் பக்கம். எங்கள் வாய்க்காலில் இருப்பதைப் பற்றியும் கொஞ்சம் கேளுங்கள்.

கடைக்காரர்கள் பேன்ச்சாக்ஸ் என்று சொல்லும் மீன் இருக்கிறதே, அது நம் வயல் மீன். தண்ணீரின் மேல்மட்டத்தை விட்டு இறங்காது. உச்சந்தலையில் ஒரு வெள்ளிப் புள்ளி. மேலிருந்து பார்த்தால் குளத்தில் யாரோ பொட்டு வைத்து விளையாடுவது போல இருக்கும். கொசுப்புழு அதற்கு உயிர். அம்மாவின் கவலை அன்றே தீர்ந்தது. ஒரு குறை, மோலிக் குட்டிகளையும் தின்னும். என்னைக் கேட்டால் அது குறையே இல்லை, ஆறு மாதத்தில் புரியும்.

வால் கூராக நீளும் சொர்க்க மீன் இன்னொன்று. இரண்டரை அங்குலம். காற்றை நேரடியாக விழுங்கி மூச்சுவிடும் உறுப்பு அதற்கு இருக்கிறது. வாத்தியார் சொன்ன விடியற்காலைக் கண்டம் அதற்கு இல்லை. சேற்றுநீரிலும் வாழும். ஆண் மீன் அல்லி இலைக்கு அடியில் எச்சில் குமிழால் கூடு கட்டிக் காவல் நிற்கும். எங்கள் வீட்டில் மாலை டீ குடித்துக்கொண்டே நாங்கள் பார்ப்பது அதைத்தான். பளிச்சென்ற நிறம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். இனப்பெருக்கக் காலத்தில் துடுப்பில் சிவப்பும் நீலமும் ஏறும்போது பாருங்கள்.

அடியில் இரண்டு அயிரை. மகள் சிவப்பு கேட்டால் அவளுக்கு ஆறு பிளாட்டி.

கொளத்தூர்த் தொட்டி | மார்ச் 6, காலை 9.00

சொர்க்க மீனுக்குப் பதில் நீல கௌராமியும் விடலாம். அதுவும் காற்றைக் குடிக்கும், பெரிதாகவும் நிறத்தோடும் இருக்கும். ஆனால் ஒரே ஒரு ஆண்தான் விட வேண்டும், இல்லாவிட்டால் சண்டை. நாட்டு மீன் கிடைத்தால் நாட்டு மீனே விடுங்கள், நான் எதிர்க்கவில்லை.

கொல்லைப்புறம் | மார்ச் 6, இரவு 9.10

மிஸ் கேரளா என்று ஒரு மீன் பார்த்தேன். சிவப்புக் கோடு, பிரமாதமாக இருந்தது. அதுவும் நாட்டு மீன்தானே? இன்னொன்று, என் மாமா ஏரியிலிருந்து ஒரு வாளி மீன் பிடித்துத் தருவதாகச் சொல்கிறார். இலவசம்.

வயல்வரப்பு | மார்ச் 7, காலை 6.05

மிஸ் கேரளா மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடை மீன். பாறை இடுக்கில் சலசலவென்று ஓடும் குளிர்ந்த நீரில் கூட்டமாக நீந்துவது. பிடித்துப் பிடித்து விற்று, அழியும் நிலைப் பட்டியலுக்குப் போய்விட்டது. தேங்கிய நீரில் இரண்டை விட்டு அழகு பார்ப்பது பாவம்.

மாமாவின் வாளியில் முக்கால்வாசி ஜிலேபிக் கெண்டைதான் இருக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது, இன்று எந்த ஏரியில் வலை போட்டாலும் அதுதான் முதலில் வரும். வாயில் குஞ்சு காக்கும் மீன், ஆறு மாதத்தில் உங்கள் குளம் முழுக்க அதன் பிள்ளைகுட்டிதான். போதாததற்கு ஒரு விரால் குஞ்சு கலந்திருந்தால் பிளாட்டி எல்லாம் அதற்குக் காலைச் சிற்றுண்டி. அந்த வாளியைக் குழம்புக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

அல்லித்தண்டு | மார்ச் 7, காலை 10.45

மீனைப் பற்றி இத்தனை பேர் பேசுகிறார்கள், செடியை யாரும் கண்டுகொள்ளவில்லையே. வடிகட்டி வேண்டாம் என்றால் செடிதான் வடிகட்டி. இரண்டு அல்லி, தனித்தனி மண்தொட்டியில், களிமண் போட்டு மேலே கூழாங்கல். இலை பாதிப் பரப்பை மூடட்டும். பச்சைத் தண்ணீர்த் தொல்லை நிழலிலேயே அடங்கும். வேலம்பாசி ஒரு கைப்பிடி, குட்டிகள் ஒளிய. ஆகாயத்தாமரையை நான்கு விடலாம், வாரம் ஒருமுறை பாதியை அள்ளி உரக்குழியில் போடத் தயார் என்றால்.

ஊதாப் பூவோடு ஏரியை அடைப்பது வெங்காயத்தாமரை. அதையும் ஆகாயத்தாமரை என்றே பலர் சொல்கிறார்கள், நர்சரியில் கேட்கும்போது கவனம்.

வேப்பமரம் இருக்கிறது என்கிறீர்கள். பூ கொட்டும் காலத்திலும் பழம் விழும் காலத்திலும் தினமும் வலை போட்டு அள்ளுங்கள். அடியில் அழுகினால் ஆக்சிஜன் போய்விடும்.

மடையான் | மார்ச் 7, பகல் 12.30

என் கட்சிக்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிவப்பு மீன் விடுவது மீன்கொத்திக்குப் பத்திரிகை அச்சடித்துக் கொடுப்பதற்குச் சமம். கொக்கு, மடையான் எல்லாம் கால் ஊன்ற இடம் தேடும். சுவர் செங்குத்தாக இருந்து இரண்டடி ஆழமும் இருந்தால் அவற்றுக்குச் சிரமம். அதனால் அழகுக்காகப் படிக்கட்டு வைத்துவிடாதீர்கள். மீன்கொத்தி மேலிருந்து பாயும், அதைத் தடுக்க முடியாது. உடைந்த பானை இரண்டைக் கவிழ்த்துப் போடுங்கள், ஒளிய இடம் இருக்கும். மாதம் நான்கு பிளாட்டி போனால் பறவைக்கு வாடகை கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

கொல்லைப்புறம் | மார்ச் 7, இரவு 8.20

பாசியைத் தின்ன டேங்க் கிளீனர் மீன் ஒன்று விடலாமா?

வயல்வரப்பு | மார்ச் 7, இரவு 8.22

கூடாது.

கொளத்தூர்த் தொட்டி | மார்ச் 7, இரவு 8.31

கூடவே கூடாது. அரையடியில் அழகாக இருக்கும், ஒன்றரை அடியில் அரக்கன். அலுத்துப்போய் ஏரியில் கொண்டுபோய் விட்டவர்களால்தான் இன்று வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது என் சித்தப்பா வீட்டுத் தொட்டி நிரம்பி வழிந்து மீனெல்லாம் சாக்கடை வழியாகப் போய்விட்டது. அதனால் நிரம்பி வழியும் குழாய்க்கு இப்போதே கொசுவலை கட்டுங்கள். நம் குளத்து மீன் நம் குளத்தோடு இருக்கட்டும்.

கொல்லைப்புறம் | ஏப்ரல் 12, காலை 7.15

நான்கு தடவை வடித்தாயிற்று. வாழைத்தண்டு நாற்றத்துக்கு எதிர்வீட்டிலிருந்தே ஆள் வந்தார்கள். பிஎச் 8.2, ஒரு வாரமாக நகரவில்லை. அல்லி இலை விட்டிருக்கிறது. ஆறு சிவப்பு பிளாட்டி, நான்கு வெள்ளை மோலி வாங்கி, டப்பில் லிட்டருக்கு இரண்டு கிராம் கல்லுப்புப் போட்டுத் தனியாக வைத்திருக்கிறேன். இரண்டு வாரம் போதுமா?

கொளத்தூர்த் தொட்டி | ஏப்ரல் 12, காலை 7.50

போதும். முதல் மாதம் தீனியைக் கையில் கட்டுப்படுத்துங்கள். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக ஐந்தாறு வாரம் ஆகும். உங்கள் பிஎச் அளவில் அம்மோனியாவின் கடுமை கூடுதல். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு, ஒருவேளை மட்டும். ஊருக்குப் போகும் நாட்களில் பட்டினி போடுங்கள், ஒன்றும் ஆகாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து.

கொல்லைப்புறம் | மே 27, காலை 5.20

வாத்தியார் சார், சொன்னபடி டார்ச்சோடு குளத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன். நேற்று மதியம் மேல்தண்ணீர் 33 டிகிரி. மோலி இரண்டு மேலே வருகின்றன, மற்றவை கீழே பானைக்குள்தான். வாயைப் பிளக்கவில்லை. வயல்வரப்பு ஐயா ஆள் மூலம் அனுப்பிய பேன்ச்சாக்ஸ் ஐந்தும், சொர்க்க மீன் நான்கும் நலம். வெளிச்சம் பட்டால் அந்த ஐந்து பொட்டும் மின்னுகின்றன. கொசுப்புழு ஒன்றுகூட இல்லை. அம்மா இப்போது துளசிக்குத் தண்ணீர் ஊற்ற வரும்போது இங்கே பத்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் போகிறார்.

வேதியியல் வாத்தியார் | மே 27, காலை 5.41

நானும் விழித்துத்தான் இருக்கிறேன். மழை வரும்வரை மாலையில் இரண்டு வாளி எடுத்துவிட்டு, நேற்றே பிடித்து வைத்த நீரை உயரத்திலிருந்து ஊற்றுங்கள். ஆழ்துளை நீரில் இயல்பாகவே ஆக்சிஜன் குறைவு, சத்தத்தோடு விழுந்தால் கொஞ்சம் சேரும்.

கொல்லைப்புறம் | நவம்பர் 9, மாலை 5.30

மூன்று நாள் மழையிலும் வலை தாங்கியது, ஒரு மீனும் வெளியே போகவில்லை. மீன்கொத்தி இதுவரை ஐந்து பிளாட்டியை வாடகையாக எடுத்திருக்கிறது. ஆனாலும் நேற்று எண்ணினேன், நாற்பத்து மூன்று பிளாட்டி! மகள் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருப்பதால் எதையும் யாருக்கும் கொடுக்க விடமாட்டேன் என்கிறாள்.

வயல்வரப்பு | நவம்பர் 9, மாலை 6.02

ஐந்து பேன்ச்சாக்ஸ் போதாது என்று தெரிகிறது. இன்னும் நான்கு அனுப்பட்டுமா?

கொல்லைப்புறம் | நவம்பர் 9, மாலை 6.10

அனுப்புங்கள் ஐயா. குட்டியைத் தின்னும் என்பதை மட்டும் இங்கே யாரும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், இந்த இழையை அவளும் படிக்கிறாள்.

கொளத்தூர்த் தொட்டி | நவம்பர் 9, மாலை 6.14

இப்போது நீங்களே எழுதிவிட்டீர்கள் தம்பி.